வான்வெளித் தூதும் வகுப்பறைத் தமிழும்

கல்லூரி அன்னையின் யூபிலி ஆண்டிலே மலரொன்று வெளிவரும்பொழுது அதில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் பின்னோக்கிப் பார்ப்பர். நிறுவியோரையும் நெறிப்படுத்தியோரையும் நினைந்து நன்றி கூறுதல் மக்கட் பண்பாதலின் அது முற்றிலும் தக்கதே. நாமோ இக்கட்டுரையிற் சிறிது மேல்நோக்கிப் பார்க்க விழைகின்றோம். தமிழாசிரியர் வானத்தைப் பற்றி எழுதப் புகுந்தாரே என விஞ்ஞானப் பகுதி நண்பர்கள் புன்னகை புரியக்கூடும். அவர்கள் பொறுத்தருள்க. எம்மை இத்துறைக்கு இழுத்து வந்தது ஒன்பதாந் தர மாணாக்கன் ஒருவன் கேட்ட வினா.

அன்று வகுப்பிலே தூது என்னும் சிற்றிலக்கிய வகையை விளக்கிக்கொண்டிருந்தோம். அன்னம், கிளி, முகில், தென்றல் முதலியவற்றைத் தலைவி தூது விடுதலும், அவை மாலை வாங்கி மீளுமாறு வேண்டுதலும் கூறி, மாணாக்கர் முகத்திற் சோர்வு தோன்றக் கண்டு, இக்காலத்து மனிதர் இயந்திரங்களையே அண்டவெளிக்குத் தூது விட்டுள்ளனர் என்றும், அவற்றுள் இரண்டு பல மொழிகளில் வாழ்த்துரை பதித்த பொன்முலாந் தட்டுகளைத் தாங்கிச் செல்கின்றன என்றும் கூறினோம். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பின் வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, “சேர், அந்தத் தட்டில் எங்கள் தமிழும் இருக்கிறதா?” என்றான்.

நாம் சிறிதும் தயங்காது, “இத்துணைத் தொன்மையான மொழி இல்லாமல் இருக்குமா?” என்று விடையிறுத்தோம். மாணாக்கர் கைதட்டினர். வீட்டிற்குச் சென்றபின் ஐயம் எழுந்தது. இரவு அத்தட்டிலுள்ள மொழிகளின் பட்டியலைத் தேடி எடுத்து, முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறையும், நம்பாது மற்றுமொரு முறையும் வாசித்தோம். ஐம்பத்தைந்து மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை.

மறுநாள் அதே வகுப்பில் நின்று, “நேற்று யாம் கூறியது பிழை” என்று சொல்லவேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஆசிரியத் தொழிலில் அதனினும் நீண்ட பாடவேளை எமக்கு வாய்த்ததில்லை. அன்று தொட்டு நாம் சிந்தித்தவற்றையே இங்குப் பழைய மாணவர், ஆசிரியர், இன்றைய மாணாக்கர் ஆகிய மூவகையினர் முன்னும் வைக்கின்றோம்.

முதற்கண் அத்தூதுவர் யாவர் என்பதனைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். செவ்வாய்க் கிரகத்திற்கு அப்பாலுள்ள வெளியை நோக்கி முதன்முதற் புறப்பட்டது 1972 மார்ச்சு மாதத்தில் அமெரிக்கர் ஏவிய பயனியர் 10 என்னும் கலமாகும். அது 1973 திசெம்பரில் வியாழனை அணுகியது. அடுத்த ஆண்டு ஏவப்பட்ட பயனியர் 11, 1979 இல் சனியை முதன்முதல் அண்மையிற் கண்டது. இவ்விரண்டும் வழி சமைத்தன. அவ்வழியிற் பெரும்பயணம் மேற்கொண்டவை வொயேஜர் 1, வொயேஜர் 2 என்னும் இரட்டைக் கலங்கள். கலிபோர்ணியாவிலுள்ள தாரை உந்துகை ஆய்வுகூடத்தில் உருவான இவற்றுள், வொயேஜர் 2 ஆனது 1977 ஓகஸ்ற் 20 ஆந் திகதியும், வொயேஜர் 1 ஆனது அதே ஆண்டு செப்ரெம்பர் 5 ஆந் திகதியும் புறப்பட்டன. இதனை எழுதும் நாம் அப்பொழுது பிறக்கவுமில்லை.

இவ்விரு கலங்களும் வியாழன், சனி ஆகிய இரண்டினைக் காண்பதற்கென, ஐந்தாண்டு உழைப்பு எனக் கணித்து ஆக்கப்பட்டவை. வொயேஜர் 1 வியாழனை 1979 மார்ச்சிலும் சனியை 1980 நவம்பரிலும் கடந்தது. வொயேஜர் 2 அவ்விரண்டையுங் கண்டபின் 1986 சனவரியில் யுரேனஸையும், 1989 ஓகஸ்ற்றில் நெப்டியூனையும் அணுகியது. அவ்விரு கிரகங்களையும் அண்மையிற் கண்ட கலம் இன்றுவரை அது ஒன்றே. வியாழனின் துணைக்கோளாகிய அயோவில் எரிமலைகள் கனன்றுகொண்டிருத்தலும், நெப்டியூனின் துணைக்கோளாகிய ட்ரைற்றனில், சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 235 பாகை செல்சியஸ் குளிரிலும் பீச்சுக்கள் மேலெழுதலும் இவற்றாலேயே உலகிற்குத் தெரியவந்தன. அயோவின் எரிமலையை முதலிற் கண்டவர் லின்டா மொறபிற்றோ என்னும் பொறியியலாளர். கலத்தின் வழியைக் கணிப்பதற்காக எடுத்த படமொன்றில், கோளின் விளிம்பில் எழுந்து நின்ற புகைக் குடையினை, ஏதோ கறையென்று தள்ளிவிடாது, இஃது என்ன என்று கேட்டமையால் அவர் அப்பேறு பெற்றார்.

இனித் தட்டின் வரலாற்றிற்கு வருவோம். ஒவ்வொரு வொயேஜரிலும் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. பூமியின் ஒலிகள், படங்கள், ஏறத்தாழ 90 நிமிட இசை, வாழ்த்துரைகள் ஆகியன அதிற் பதிக்கப்பட்டுள. இசையினுள்ளே கேசர்பாய் கேர்க்கர் அம்மையார் பாடிய பைரவி இராகப் பாடலொன்றும் உண்டு. தட்டினைத் தொகுத்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் கோர்னெல் பல்கலைக்கழகத்து வானியற் பேராசிரியர் கார்ல் சேகன். வாழ்த்துரைகள் பெரும்பாலும் அப்பல்கலைக்கழகத்தைச் சூழ இருந்தோரைக் கொண்டே, மிகக் குறுகிய காலத்தினுள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. பேசுவோருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட வாசகம் யாதுமில்லை. சுருக்கமாக வாழ்த்துக என்பதே கட்டளை.

இன்று பேசுவாரில்லாத சுமேரிய மொழியும் அக்காடிய மொழியும் அதில் உள. தெலுங்கு உண்டு; கன்னடம் உண்டு; வங்காளம், மராத்தி, குசராத்தி, பஞ்சாபி, ஒரிய மொழி, நேபாள மொழி ஆகியன உண்டு. நம் நாட்டுச் சகோதர மொழியாகிய சிங்களமும் உண்டு. தமிழும் மலையாளமும் இல்லை.

இச்செய்தியை ஆசிரியர் அறையிற் கூறியபொழுது இருவகைக் கருத்துகள் எழுந்தன. ஒரு நண்பர் மிகவுஞ் சினந்தார். இது திட்டமிட்ட புறக்கணிப்பு என்றும், கோடிக்கணக்கானோர் பேசும் மொழியை ஒதுக்கியமைக்காக உலகத் தமிழர் அனைவரும் கண்டனம் தெரிவித்திருத்தல் வேண்டும் என்றும் அவர் கூறினார். மற்றொருவர் வாளா சிரித்து, “கேட்பார் எவருமில்லாத வெளியிலே தமிழ் ஒலித்தாலென்ன, ஒலியாவிட்டாலென்ன?” என்றார். இரண்டினையும் நாம் ஏற்க இயலாதவராயினோம்.

சினந்த நண்பருக்கு நாம் கூறுவது இது: தொகுத்தோர் தமிழை வெறுத்தனர் என்பதற்குச் சான்று யாதுமில்லை. அருகில் இருந்தோரை அழைத்தனர், வந்தோர் பேசினர். ஆகவே அப்பட்டியல் மொழிகளின் தகுதியை அளந்த துலாக்கோல் அன்று. தமிழ் அதில் ஏறியிருப்பின் தமிழின் பெருமை ஒரு குன்றிமணியளவும் கூடியிராது. ஏறாமையாற் குறைந்ததுமில்லை. சிரித்த நண்பருக்கு நாம் கூறுவது வேறு: அவ்வாழ்த்துரை வேற்றுலகினர்க்கு எட்டுமோ எட்டாதோ, அது பின்வாங்கிற் சிறுவனுக்கு எட்டிற்று. தன் மொழி மனிதகுலத்தின் பெரும் முயற்சியொன்றில் இடம்பெற்றதா என்று அவன் கேட்டான். அவ்வேட்கை நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. அதனை எங்கே திருப்பிவிடுதல் என்பதே ஆசிரியர் கடன்.

நாம் அதனைத் திருப்ப விழையும் திசை யாதெனின், தட்டிலே தமிழ் உண்டா என்ற வினாவினை விடுத்து, தமிழிலே அத்தட்டினைச் சுமந்து சென்ற கலத்தின் கதை உண்டா என்று கேட்டல். வொயேஜர் கண்டவற்றை, அது செல்லும் வகையினை, அதன் மின்வலுவை, அதன் கணினியை ஒரு மாணாக்கன் தன் மொழியில் தடுமாற்றமின்றி வாசித்து விளங்கக்கூடிய உரைநடை எம்மிடம் எவ்வளவு உண்டு? உள்ளவை சிலவே. அவற்றுட் பல, வாசகன் ஆங்கிலத்தை மனத்தில் மீள மொழிபெயர்த்தாலன்றி விளங்காதவை. தட்டில் இடம்பெறாமை பிறர் செயல். இக்குறை எமது செயல். முன்னதைப் பற்றிப் பேசும்பொழுது எழும் குரல் பின்னதைப் பற்றிப் பேசும்பொழுது தாழ்ந்துவிடுதல் கண்டு நாம் வெட்கமுறுகின்றோம்.

தமிழால் இயலாது என்பாருக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். இக்கலங்கள் தொலைக்கிரகங்களை எட்டியது எரிபொருளின் வலிமையால் மட்டுமன்று. கிரகத்தின் ஈர்ப்பினாலே விசை பெறும் உபாயமே அவற்றைச் செலுத்தியது. அதனைக் கல்லூரி விளையாட்டுத் திடலிலேயே காட்டலாம். அசையாது பிடித்த மட்டையிற் பட்ட பந்து, வந்த வேகத்தினும் மெதுவாகவே மீள்கின்றது. பந்தை எதிர்கொண்டு விரைந்து வீசிய மட்டையிற் பட்டதோ, மட்டையின் வேகத்திலும் ஒரு பங்கைப் பெற்று எல்லைக் கோட்டைத் தாண்டுகின்றது. வியாழன் ஞாயிற்றைச் சுற்றி விரையும் மாபெரும் மட்டை, கலம் பந்து. தொடுதல் இல்லை; ஈர்ப்பே தொடுகையாகின்றது. கலம் கிரகத்தின் பின்புறமாக வளைந்து செல்லும்பொழுது கிரகத்தின் ஓட்டத்தில் ஒரு சிறு பங்கினைத் தனதாக்கிக்கொண்டு விரைகின்றது. கிரகம் உணரவொண்ணா அளவு தன் வேகத்தை இழக்கின்றது. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய நான்கும் இதற்கு வாய்ப்பாக அமையும் காலம் ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும். அவ்வாய்ப்பு 1970 களின் இறுதியில் வரவிருத்தலை 1965 இல் கணித்தறிந்தவர் கரி பிளான்ட்ரோ என்பவர். நேர்வழியே சென்றிருப்பின் நெப்டியூனை அடைய 30 ஆண்டுகள் வேண்டும். வொயேஜர் 2 ஆனது 12 ஆண்டுகளில் அடைந்தது.

மேற்கூறியதனை எட்டாந் தரத்திற் கிரிக்கெற் ஆடும் மாணாக்கர் சிலருக்கு வாசித்துக் காட்டினோம். அவர்கள் விளங்கிக்கொண்டதுமன்றி, “கிரகத்தின் முன்புறமாகச் சென்றால் வேகம் குறையுமோ?” என்றும் கேட்டனர். குறையும், அதுவும் பயன்படுத்தப்படும் உபாயமே. மொழி விளங்கியவிடத்து வினா தானே பிறக்கின்றது. விளங்காதவிடத்து மனனம் மட்டுமே எஞ்சுகின்றது.

கலைச்சொற்களைப் பற்றிய பூசலும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. வியாழனுக்கும் சனிக்கும் நம்மிடம் பழம்பெயர்கள் உள. சனியை மந்தன் என்றனர் முன்னோர். ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு செல்லுமாதலின், தொலைநோக்கி இல்லாக் காலத்தில், வெறுங்கண்ணாற் பல்லாண்டு பொறுமையுடன் நோக்கியோர் இட்ட பெயர் அது. அப்பெயரில் ஓர் அவதானம் உறைகின்றது. யுரேனஸ் 1781 இலும் நெப்டியூன் 1846 இலும் கண்டறியப்பட்டமையால் அவற்றிற்கு நம்மிடம் பழம்பெயர் இல்லை. இப்பெயர்களைத் தமிழாக்குவது எவ்வாறு என்று வாதிட்டு மாலைப்பொழுதுகளைக் கழிப்போர் உளர். எமது கருத்து எளிது. பெயரை வந்தவாறே ஏற்போம். பொருளின் இயக்கத்தைத் தமிழில் விளக்குவோம். பெயர்ச்சொல் நூறு கடன் வாங்கினும் மொழி கெடாது; வினைச்சொல்லும் வாக்கிய அமைப்பும் கடனாயின் மொழி தன் கால்களை இழந்துவிடும்.

இது புதிய முயற்சியுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணாக்கர்க்குத் தமிழிலேயே கற்பித்து, அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய துறைகளில் நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். கடல் கடந்து வந்த ஒருவர் இம்மொழியைக் கற்று இதனால் இயலும் என்று காட்டிச் சென்றிருக்க, இம்மொழியிற் பிறந்த நாம் இயலாது என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, இம்முயற்சிகள் அனைத்தையும் வீண் என்று கருதும் அன்பர்களுக்கு விடை கூறுதல் கடன். பூமியிலே பசித்தோர் இருக்கப் புளூட்டோவிற்குக் கலம் விடுதல் அறமாகுமோ என்பது அவர்தம் வினா. இது வறியார்பால் இரக்கமுடையோர் கேட்கும் வினாவாதலின் மதித்தற்குரியது. ஆயினும் கணக்கினை நோக்குதல் வேண்டும். 1972 முதல் 1989 இல் நெப்டியூனைக் காணும்வரை, ஏவுகணைகளும் உட்பட வொயேஜர் திட்டத்திற்குச் செலவானது 86 கோடியே 50 இலட்சம் டொலர். அந்நாட்டு மக்கள்தொகையாற் பகுப்பின், தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 சதமே. அத்தொகையால் உலகின் பசி தீர்ந்திராது. அதனை மிச்சம் பிடித்திருப்பின் அது பசித்தோர் கைக்குச் சென்றிருக்கும் என்பதும் உறுதியன்று. உலகம் போர்க்கருவிகளுக்குச் செலவிடுவதனோடு ஒப்பிடின் இது துளியினுந் துளி. போரினால் யாது நிகழும் என்பதனை இம்மலரை வாசிப்போருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எக்கிராமத்தையும் அழியாது, எவரையும் அகதியாக்காது, அறிவை மட்டும் ஈட்டி வரும் பெருமுயற்சி மனித வரலாற்றில் அரிது. அவ்வரியவற்றுள் ஒன்றினை வீண் என்று நாம் கூறமாட்டோம்.

எம்மை மிகவும் ஈர்த்தது பிறிதொன்று. அது இக்கலங்களின் முதுமை. வொயேஜர் 1 ஆனது 2012 ஓகஸ்ற்றிலும், வொயேஜர் 2 ஆனது 2018 நவம்பரிலும் ஞாயிற்றுக் காற்றின் ஆட்சியெல்லையைக் கடந்து விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிற் புகுந்தன. 2025 இல் வொயேஜர் 1 எம்மிலிருந்து 2,500 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. ஒளிவேகத்திற் செல்லும் வானொலி அலைக்கே அங்குச் செல்ல 23 மணித்தியாலத்திற்கு மேல் வேண்டும். இன்று ‘சுகமா’ என்று கேட்பின், மறுமொழி நாளை மறுநாளே வரும். கலத்தின் ஒலிபரப்பியின் வலு ஏறத்தாழ 23 வாற்று. குளிர்சாதனப் பெட்டியினுள் எரியும் சிறு மின்குமிழினதற்கு ஒப்பானது. புளூட்டோனியத்தின் வெப்பத்தால் மின்னாக்கும் அதன் கருவி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 வாற்று வலுவை இழந்து வருகின்றது. ஆதலின் 2024 இலும் 2025 இலும் மேலுஞ் சில கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினர். குடும்பம் வறுமையுற்றபொழுது ஒவ்வோர் அறை விளக்காக அணைத்து, படிக்கும் பிள்ளையின் விளக்கை மட்டும் எரியவிடும் தாயின் செயலை இது நினைவூட்டுகின்றது.

2023 சூலையில், பூமியிலிருந்து அனுப்பிய கட்டளையொன்றில் நேர்ந்த தவறினால் வொயேஜர் 2 இன் அலைவாங்கி பூமியை விட்டு 2 பாகை விலகிற்று, தொடர்பு அறுந்தது. பொறுப்பாளர்கள் தவற்றினை மறையாது உலகிற்கு அறிவித்தனர். ஓகஸ்ற் 4 ஆந் திகதி, அவுஸ்திரேலியாவிலே கன்பராவிலுள்ள பேரலைவாங்கியிலிருந்து பெருவலுவுடன் அனுப்பிய அழைப்பு அக்கலத்தை எட்ட, அது மீண்டும் எம்மை நோக்கித் திரும்பியது. ‘நேற்றுக் கூறியது பிழை’ என்று வகுப்பறையில் ஒப்புக்கொள்ள நேர்ந்த எமக்கு இச்செய்தி தனிப்பட்ட ஆறுதல் தந்தது என்பதை மறைப்பானேன்?

அவ்வாண்டு நவம்பரில் வொயேஜர் 1 பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கிற்று. அதன் கணினியொன்றின் நினைவகத்தில் ஒரு சில்லு பழுதுற்றிருந்தது. அக்கணினியை ஆக்கியோருட் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர், சிலர் மறைந்துவிட்டனர். இளம் பொறியியலாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பழைய தாள்களைப் புரட்டி, பழுதுற்ற இடத்திலிருந்த கட்டளைகளைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, நினைவகத்தின் வேறிடங்களிற் பொருத்தும் வழி கண்டனர். 2024 ஏப்ரில் 20 ஆந் திகதி கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது. இதனைக் காத்தது புதிய இயந்திரமன்று. எவரோ முன்னர்ப் பொறுமையாக எழுதி வைத்து, எவரோ எறியாது காத்து வைத்த தாள்கள்.

இவ்விடத்தில் எம் நெஞ்சு கனக்கின்றது. வொயேஜர் 1 சனியைக் கண்டது 1980 நவம்பரில். வொயேஜர் 2 அதே சனியைக் கண்டது 1981 ஓகஸ்ற்றில். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திலே, 1981 சூன் முதலாந் திகதி விடியுமுன், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளப் பெறவியலா ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. தாள் ஒன்றின் அருமை நாம் பிறர் சொல்லி அறியவேண்டியதன்று. ஆயினும் அத்துயரை நினைவுகூரும் நாம், எரியாது எஞ்சியவற்றை யாது செய்கின்றோம்? எமது கல்லூரிகளின் பழைய மலர்கள், வரவு இடாப்புகள், ஆய்வுகூடக் குறிப்பேடுகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பாடக்குறிப்புகள் ஆகியன பலவிடங்களிற் செல்லுக்கும் மழை ஒழுக்கிற்கும் இரையாகின்றன. சுத்திகரிப்பு நாளில் அவற்றைக் கட்டுக்கட்டாக எரித்த காட்சியை நாமே கண்டுள்ளோம். தீயினால் அழிந்ததற்கு அழுதோம். அசட்டையினால் அழிவதற்கு எவரும் அழுவதில்லை.

மற்றுமொரு பாடமும் உண்டு. வொயேஜர் திட்டத்தின் தலைமை விஞ்ஞானியாக எட்வேட் ஸ்ரோன் 1972 முதல் 2022 வரை ஐம்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். 2024 இல் மறைந்தார். கலம் அவருக்குப் பின்னும் செல்கின்றது. தாம் முடிவு காணாப் பணியைத் தொடங்குதலும், தாம் தொடங்காப் பணியைத் தொடர்தலும் ஆகிய இரண்டுமே இத்தொழிலின் அறம். பள்ளிக்கூடம் என்பதும் அதுவேயன்றோ? யூபிலி கொண்டாடும் இக்கல்லூரியை நிறுவியோர் எம் முகங்களைக் கண்டிலர். நாமும் அடுத்த யூபிலியின் மாணாக்கரைக் காணப்போவதில்லை.

இளையோர்க்கு இதிற் பங்கில்லை என்று எண்ணற்க. 1930 இல் புதிய கோளொன்று கண்டறியப்பட்டபொழுது அதற்குப் புளூட்டோ என்னும் பெயரை முன்மொழிந்தவர், வெனீசியா பேர்ணி என்னும் பதினொரு வயதுச் சிறுமி. பழங்கதைகளை விரும்பி வாசித்தமையாற் பாதாளத் தேவனின் பெயர் அவருக்கு உடனே தோன்றிற்று. விஞ்ஞானத்திற்கு இலக்கியம் செய்த அவ்வுதவி தமிழ்ப் பாடத்தைச் சுமையெனக் கருதும் மாணாக்கர் எண்ணத்தக்கது. 2006 இல் ஏவப்பட்டு, 2015 சூலை 14 ஆந் திகதி புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் கலத்தில், விண்தூசியை எண்ணும் கருவியொன்று உண்டு. அதனை ஆக்கியோர் கொலராடோப் பல்கலைக்கழக மாணவர்கள். அதற்கு இடப்பட்ட பெயர் அச்சிறுமியினுடையது.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நாம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, ஆண்டுதோறும் கல்லூரி மலரிலே மாணாக்கரால் எழுதப்பட்ட விஞ்ஞானக் கட்டுரை ஒன்றேனும் நல்ல தமிழில் இடம்பெறல் வேண்டும். அதனை விஞ்ஞான ஆசிரியர் பொருள் நோக்கியும் தமிழாசிரியர் நடை நோக்கியும் ஒருங்கிருந்து திருத்துதல் வேண்டும். இதுவரை இவ்விரு பகுதியினரும் ஒரே மேசையில் அமர்ந்தது தேநீர் வேளையில் மட்டுமே. இரண்டாவது, பழைய மாணவர் சங்கம் மண்டபங்களுக்கும் வளைவுகளுக்கும் வழங்கும் பொருளில் ஒரு சிறு பங்கினைக் கல்லூரியின் பழந்தாள்களைத் தேடித் தொகுத்து, படியெடுத்துக் காப்பதற்கு ஒதுக்குதல் வேண்டும். தம் வீட்டுப் பரணில் பழைய மலர்களை வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றை அன்னைக்கு மீள அளிப்பாராக. மூன்றாவது, ஆசிரியராகிய நாம், அறியாததை அறிந்ததுபோற் கூறாதிருத்தல் வேண்டும். கூறிவிடின், மறுநாள் அதே வகுப்பில் நின்று திருத்துதல் வேண்டும். இம்மூன்றாவதற்குப் பொருட்செலவு யாதுமில்லை. ஆயினும் மூன்றினுள் அதுவே கடினமானது என்பதனை அனுபவத்தாற் கூறுகின்றோம்.

1990 பெப்ரவரி 14 ஆந் திகதி, ஏறத்தாழ 600 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வொயேஜர் 1 திரும்பிப் பார்த்து எம் பூமியைப் படமெடுத்தது. படத்தில் ஓர் ஒளிக்கீற்றினுள் மங்கிய நீலப் புள்ளியாகப் பூமி தோன்றுகின்றது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் எம் குடாநாட்டில் மின்விளக்குகள் அணைந்தன. சாம்பற் பொட்டலமாய் எம் நினைவில் எஞ்சிய பல அதன்பின் நிகழ்ந்தன. போத்தல் விளக்கொளியிற் படித்த தலைமுறையைச் சேர்ந்தோர் நாம். விளக்கில்லா இரவுகளில் வானம் மட்டும் எமக்குக் குறைவின்றித் தெரிந்தது. அவ்வானத்தில் எங்கோ எம்மையும் ஒரு புள்ளியினுள் அடக்கிப் படமெடுத்த கலமொன்று சென்றுகொண்டிருந்தது என்பதை எமக்குத் தமிழிற் கூற அன்று எவருமிருந்திலர். இன்று கூற நாம் இருக்கின்றோம்.

அம்மாணாக்கன் இப்பொழுது பத்தாந் தரத்திற் படிக்கின்றான். வொயேஜரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருமாறு அவனைக் கேட்டோம். நான்கு பக்கம் எழுதி வந்தான். சந்திப் பிழைகள் பல, பொருட்பிழை ஒன்றுமில்லை. தட்டிலே தமிழ் ஏறாதது பற்றி அவன் ஒரு வரிதானும் எழுதவில்லை. கலம் இன்னும் பேசுகின்றது, நாம் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்று மட்டும் முடித்திருந்தான். சந்திப் பிழைகளைத் திருத்தி அவனிடமே கொடுத்துவிட்டோம்.

வாழ்க கல்லூரி அன்னை! வளர்க அவள்தன் வகுப்பறைகளில் வினாக்கள்!